குமரி மலைக்காடு: எங்களிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாங்கள் குலசேகரம், பேச்சிப்பாறை சுற்றுவட்டாரத்து ஆட்கள். இரண்டு பள்ளி ஆசிரியர்கள், ஒரு ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி, காணிப் பழங்குடியினர் குடியிருப்பிலிருந்து மூன்று இளைஞர்கள், ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர். சங்கப் பதிவு, பெயர்ப்பலகை, ரசீதுப் புத்தகம் எதுவும் கிடையாது. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளோடு மலையடிவாரத்தில் நடப்போம். ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ இதே கேள்விகள்தான் வருகின்றன. ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்லித் தொண்டை கட்டிப்போனதால் எழுதி வைத்துவிட்டோம்.

கன்னியாகுமரி என்றால் கடல்தானே? இங்கே என்ன பெரிய காடு?

வெளியூர்க்காரர்கள் கேட்டால் சிரித்துவிட்டுப் போகலாம். குளச்சல் பக்கத்துப் பிள்ளைகளும் இதையே கேட்கும்போதுதான் வருத்தமாக இருக்கிறது.

மாவட்டத்தின் பரப்பு 1,700 சதுர கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு காடு. காட்டின் பெரும்பகுதி கன்னியாகுமரி வனவிலங்கு சரணாலயத்துக்குள் வருகிறது; அது மட்டும் 400 சதுர கிலோமீட்டருக்கு மேல். 2001-இல் அறிவிக்கப்பட்டு 2016-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த அகத்தியமலை உயிர்க்கோளக் காப்பகத்தின் தென்கோடியும் நம்முடையதுதான். யானை, புலி, மிளா, கருமந்தி, சிங்கவால் குரங்கு, உச்சிப் புல்வெளிகளில் வரையாடு என எல்லாம் இங்கே உண்டு.

தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் நமக்குப் பெய்கின்றன. ஆரல்வாய்மொழியில் கள்ளியும் உடைமரமும் பார்த்துவிட்டுப் பஸ் ஏறினால், அன்று மத்தியானமே கோதையாற்றில் சட்டை நனைய நிற்கலாம். இவ்வளவு சின்ன மாவட்டத்தில் இவ்வளவு வகைக் காடு இருப்பதற்கு இதுதான் காரணம்.

கடற்கரைப் பிள்ளைகளுக்கு வேறு விதமாகச் சொல்வோம். தேங்காய்ப்பட்டினத்தில் கடலில் விழுகிறதே குழித்துறையாறு, அதன் தலை மேலே கோதையாற்றுக் காட்டுக்குள் இருக்கிறது. 1906-இல் கட்டி முடித்த பேச்சிப்பாறை அணையில் நிற்பதும், பெருஞ்சாணியில் நிற்பதும் அந்த மலைக்காடு பிடித்து வைத்து மெல்ல விட்ட தண்ணீர்தான். நாஞ்சில் நாட்டில் கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போகம் நெல் விளைந்தது அந்தத் தண்ணீரால். அணையைக் கட்டிய பொறியாளர் மிஞ்சினுடைய கல்லறை அணைப் பக்கத்திலேயே இருக்கிறது. பிள்ளைகள் அதைப் பார்க்க ஆசைப்படுவார்கள், கூட்டிப்போவோம். அணைக்குத் தண்ணீர் தரும் காட்டைப் பார்க்க ஆசைப்பட வைப்பதுதான் எங்கள் வேலை.

ரப்பர் தோட்டமும் பச்சையாகத்தானே இருக்கிறது? அதுவும் காடுதானே?

அதிகம் வரும் கேள்வி இது. எங்களுக்குப் பிடித்த கேள்வியும் இதுதான். வாயால் பதில் சொல்ல மாட்டோம், நாலு ஈர்க்குச்சி கொடுப்போம்.

தென்னை ஈர்க்கு நாலை ஒரு அடி நீளத்துக்கு ஒடித்துத் தரையில் சதுரமாக வைக்க வேண்டும். முதலில் ரப்பர் மரத்தடியில். சருகை விலக்கி, சதுரத்துக்குள் அசைகிற உயிரையெல்லாம் எண்ண வேண்டும். எறும்பு, ஒரு கம்பளிப்பூச்சி, சிரட்டையிலிருந்து சொட்டிக் காய்ந்த ஒட்டுப்பாலில் சிக்கிய ஈ. அவ்வளவில் பிள்ளைகள் எழுந்துவிடுவார்கள். பிறகு அதே ஈர்க்கைப் பக்கத்துக் காவிலோ (சாமிக்கு விட்ட காடு) காட்டோரத்திலோ வைப்போம். இங்கே எழுந்திருக்க மாட்டார்கள். சருகுக்கு அடியில் இன்னொரு சருகு, அதற்கடியில் பாதி மக்கியது, அதில் வெள்ளை நூலாகப் பூஞ்சை. மரவட்டை, பூரான், வெட்டுக்கிளிக் குஞ்சு, விரல் நகம் அளவுக்கு ஒரு தவளை. போன ஆடியில் ஒரு ஆறாம் வகுப்புப் பையன் எண்ணிக்கொண்டே வந்து, முப்பதைத் தாண்டியதும், "சார், இது கணக்குப் பீரியடை விட மோசம்" என்றான்.

அடுத்தது தண்ணீர். ஒரு லிட்டர் பாட்டிலை ரப்பர் தோட்டத்து நடைபாதையில் கவிழ்த்தால் சரிவில் ஓடிவிடும். காவுக்குள் கவிழ்த்தால் நின்ற இடத்திலேயே இறங்கிவிடும். ஆற்றில் மே மாதமும் தண்ணீர் ஓடுவது எப்படி என்பது அங்கேயே விளங்கிவிடுகிறது.

ரப்பரைத் திட்டுவதாக நினைக்க வேண்டாம். எங்கள் குழுவில் பாதிப் பேர் வீட்டு அடுப்பு அதில்தான் எரிகிறது. மலையோரத்து ரப்பரில் ஒரு பங்கு அரசு ரப்பர் கழகத்துடையது. ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு அதுதான் கூலி. மார்த்தாண்டத்துத் தேனுக்கும் ரப்பர்தான் ஆதாரம். தை, மாசியில் இலை தளிர்க்கும்போது, மூன்று இலையும் காம்போடு சேரும் முனையில் பனித்துளி போல இனிப்பு நீர் கசியும். தேனீ பூவைத் தேடிப் போவதில்லை, அந்தக் காம்பைத் தேடித்தான் வரும். பிள்ளைகள் நாக்கால் தொட்டுப் பார்ப்பார்கள்.

ஆனால் தோட்டம் தோட்டம்தான். ஒரே மரம், ஒரே வயது, முப்பது வருடத்துக்குள் மொத்தமாக வெட்டி மறுபடி நடுவார்கள். 2017 நவம்பர் 30-இல் ஒக்கி புயல் அடித்தபோது தோட்டங்கள் வரிசை வரிசையாகச் சாய்ந்து கிடந்ததை இங்கே யாரும் மறக்கவில்லை. காட்டிலும் பெரிய மரங்கள் விழத்தான் செய்தன. அந்த இடைவெளியில் வெயில் இறங்கி, அடுத்த மழைக்கே நாற்று எழுந்து நின்றது. தோட்டத்தில் மனுஷன் குழி எடுத்து நட வேண்டியிருந்தது.

நாங்கள் 500 மரக்கன்றுகளோடு வருகிறோம். எங்கே நடலாம்?

உங்கள் ஊரில், உங்கள் தெருவில். கோபித்துக்கொள்ள வேண்டாம்.

சரணாலயத்துக்குள் வெளியாள் போய்க் கன்று நட முடியாது, நடவும் கூடாது. காட்டுக்கு விதை போட இருவாச்சியும் மரநாயும் வௌவாலும் யானையும் இருக்கின்றன. முன்பு ஒருமுறை ஒரு நிறுவனத்தார் இரண்டு வேன் நிறையக் கன்றுகளோடு வந்தார்கள். பாதி மே ஃபிளவர், மீதி ஆப்பிரிக்கத் துலிப்பும் அக்கேசியாவும். எங்கள் ஊர் ஓடைக்கரையில் குழி தோண்டி, நட்டு, பேனர் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். குழி எடுக்கும்போது அங்கே தானாக முளைத்திருந்த அயனி நாற்று நாலைந்தை வெட்டி வீசியிருந்தார்கள். ஒரு வார்த்தை சொல்லாமல் நின்றோமே என்று எங்கள் மேல்தான் எங்களுக்குக் கோபம்.

இன்னொன்று, மேலே முத்துக்குழிவயல் பக்கம் இருக்கும் புல்வெளியைப் படத்தில் பார்த்துவிட்டு "மொட்டையாகக் கிடக்கிறதே, மரம் வைக்கலாமே" என்பவர்கள் உண்டு. அது மொட்டை இல்லை. சோலைக்கும் புல்வெளிக்கும் நடுவே கோடு போட்டது போல எல்லை இருக்கும். அது இயற்கை வகுத்தது. புல் மழையை வாங்கிக் கீழே சோலைக்குத் தரும். வரையாட்டுக்கு அந்தப் புல்தான் சோறு. அங்கே மரம் வைத்தால் இரண்டும் போகும்.

கன்று நடுவதற்குப் பதிலாக நாங்கள் செய்வது களை பிடுங்குதல். உண்ணிச்செடி, கம்யூனிஸ்ட் பச்சை என்று வேடிக்கையாகப் பேர் வாங்கிய புதர், மரத்தின் தலை வரை ஏறி மூடுகிற கொடிகள். அடிவாரத்தில் கிராமப் பொது நிலத்தில் ஒரு துண்டை ஆடு ஏறாமல் அடைத்து, களையை மட்டும் எடுத்துவிட்டு, மூன்று மழைக்காலம் கை வைக்காமல் விட்டோம். நாவலும் அயனியும் எட்டியும் ஓடையோரம் ஈத்தலும் தாமாகவே வந்தன. இதில் படம் எடுக்க ஒன்றும் இருக்காது என்பதுதான் ஒரே குறை.

காட்டுக்குள் காணி மக்கள் குடியிருப்பதால்தானே காடு அழிகிறது?

இல்லை. அவர்கள் குடியிருக்கும் இடத்தில்தான் காடு மிச்சம் இருக்கிறது. வரைபடத்தை விரித்துப் பார்த்தாலே தெரியும்.

காணிக்காரர்கள் இந்த மலையின் பழைய குடிகள். மூட்டுக்காணி ஊருக்குத் தலைவர், பிலாத்தி மருந்தும் சடங்கும் அறிந்தவர் என்று அவர்களுக்குள் ஒரு ஒழுங்கு உண்டு. திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா எதிரிகளுக்குத் தப்பி ஒளிந்திருந்த காலத்தில் அடைக்கலம் கொடுத்தது தங்கள் முன்னோர் என்று சொல்வார்கள். மரச்சீனி (மரவள்ளி), நல்லமிளகு, வாழை, இப்போது கொஞ்சம் ரப்பரும் வைத்திருக்கிறார்கள். அணை நீருக்கு அப்புறம் இருக்கும் சில குடிகளுக்கு இன்றும் படகுதான் வழி. நூறு வருடத்துக்கு மேலாக மாவட்டத்துக்கே தண்ணீர் தருகிற அணையின் கரையில் இருந்துகொண்டு, பிரசவத்துக்குப் படகுக்காகக் காத்திருப்பவர்களைப் பார்த்து இந்தக் கேள்வி கேட்கக் கொஞ்சம் கூச்சம் வேண்டும்.

அவர்கள் அறிவுக்கு ஒரு உதாரணம். 1987-இல் அகத்தியமலையின் கேரளப் பக்கத்தில் விஞ்ஞானிகள் குழு ஒன்று மலையேறியது. வழிகாட்டிய காணி இளைஞர்கள் ஏதோ ஒரு சின்னக் காயை மென்றுகொண்டே களைப்பில்லாமல் ஏறினார்கள். அது ஆரோக்கியப்பச்சை. திருவனந்தபுரம் பாலோட்டில் உள்ள தாவரவியல் பூங்கா ஆராய்ச்சி நிலையம் அதை வைத்து "ஜீவனி" என்ற மருந்தை உருவாக்கி, 1990-களில் உரிமத் தொகையில் பாதியைக் காணி மக்களின் அறக்கட்டளைக்குக் கொடுக்க ஏற்பாடு செய்தது. மரபறிவுக்குப் பங்கு கொடுத்ததற்கு உலகம் முழுக்க எடுத்துக்காட்டாகப் பேசப்படும் கதை இது.

அதற்குப் பிறகு அந்தச் செடியைக் காட்டிலிருந்து பிடுங்கி விற்கவும் ஆட்கள் கிளம்பினார்கள். அதனால்தான் எங்கள் நடையில் ஒரு விதி: மருந்துச் செடி இருக்கும் இடத்தைப் படம் எடுக்கக் கூடாது, எங்கும் எழுதக் கூடாது. ஒரு முறை ஒரு பிள்ளை கூட வந்த பிலாத்தியிடம், "பாட்டா, இது எதுக்குள்ள மருந்து?" என்று கேட்டது. அவர், "நீ நாளைக்கும் வா மக்களே, அப்போ சொல்லுதேன்" என்றார். அந்தப் பிள்ளை அதற்குப் பிறகு ஒரு ஞாயிறு விடாமல் நாலு மாதம் வந்தது. சொன்னாரா இல்லையா என்பது அவர்கள் இருவருக்கும்தான் தெரியும்.

வன உரிமைச் சட்டம் என்கிறீர்களே, அதனால் ஊருக்கு என்ன கிடைக்கும்?

2006-ஆம் ஆண்டுச் சட்டம். பெரும்பாலானோர் அதைப் பட்டா தருகிற சட்டமாக மட்டும் பார்க்கிறார்கள். 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்து அனுபவித்து வரும் நிலத்துக்கு, நாலு ஹெக்டேருக்கு மிகாமல், தனி உரிமை உண்டு என்பது அதன் ஒரு பாதி. பேசப்படாத மறுபாதி சமூக வன வள உரிமை. வழிவழியாக ஒரு குடி பயன்படுத்திக் காத்து வந்த காட்டை, இனியும் காக்கவும் பராமரிக்கவும் ஒழுங்குபடுத்தவும் அந்த ஊர்க் கிராம சபைக்கே உரிமை இருக்கிறது.

நடைமுறை இதுதான். கிராம சபை கூடி 10 முதல் 15 பேர் கொண்ட வன உரிமைக் குழுவைத் தேர்ந்தெடுக்கும். அதில் மூன்றில் ஒரு பங்காவது பெண்கள் இருக்க வேண்டும். எல்லை எது, தேன் எடுக்கிற பாறை எது, சாமி இருக்கிற இடம் எது என்று பெரியவர்களோடு நடந்து வரைபடம் போட்டு, மனு எழுதி, கிராம சபைத் தீர்மானத்தோடு உட்கோட்டக் குழுவுக்கு, அங்கிருந்து மாவட்டக் குழுவுக்கு அனுப்ப வேண்டும். தமிழ்நாட்டில் நீதிமன்றத் தடை ஒன்றால் 2008 முதல் உரிமைச் சான்று வழங்குவது முடங்கிக் கிடந்தது. 2016-இல் உச்ச நீதிமன்றம் அதை நீக்கியது. அந்த எட்டு வருடத் தாமதத்தின் சோர்வை இன்றும் கூட்டங்களில் பார்க்கலாம்.

1990-களில் வந்த கூட்டு வன மேலாண்மையும் கிராம வனக் குழுக்களும் வேறு. அதில் திட்டம், பணம், கணக்கு எல்லாம் வனத்துறை கையில். ஊர் கூட நிற்கும். நல்ல ரேஞ்சர் வந்தால் நல்ல வேலை நடக்கும், அவர் மாற்றலாகிப் போனால் குழுவும் போகும். உரிமையோடு வரும் பொறுப்புதான் நிற்கும் என்பது எங்கள் வாதம். வனத்துறை நண்பர்கள் சிலர் இதை ஒப்புக்கொள்வதில்லை. தீயணைக்கும் நாளில் இரண்டு தரப்பும் ஒரே பாத்திரத்தில்தான் கஞ்சி குடிக்கிறோம்.

பல்லுயிர்ப் பதிவேடு என்று ஒன்று பஞ்சாயத்தில் இருக்கிறதாமே?

இருக்க வேண்டும். 2002-ஆம் ஆண்டு உயிரியல் பன்மைச் சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சியிலும் ஒரு மேலாண்மைக் குழுவும் மக்கள் பதிவேடும் வேண்டும். போய்க் கேளுங்கள், பார்க்க உங்களுக்கு உரிமை உண்டு. நாங்கள் பார்த்த ஒன்றில் காட்டெருமை என்று எழுதிப் பக்கத்தில் எருமை மாட்டின் படம் ஒட்டியிருந்தது.

காவு என்கிறீர்களே, அது என்ன?

சாமிக்கு விட்ட காடு. நாகர், சாஸ்தா, யட்சி, ஏதோ ஒரு தெய்வம் இருக்கும். சுற்றி அரை ஏக்கரோ இரண்டு ஏக்கரோ மரம் நிற்கும். விழுந்த விறகைக்கூட எடுக்க மாட்டார்கள். நாகர்கோவில் என்ற ஊர்ப் பெயரே நாகராஜா கோயிலிலிருந்து வந்ததுதானே. இந்த மாவட்டத்தில் பாம்புக்கு இடம் விடுவது புதிய பழக்கம் இல்லை.

இப்போது காவு சுருங்குவது கோடாலியால் இல்லை, பக்தியால். "சாமி மழையில் நனைகிறதே" என்று முதலில் ஒரு ஷீட், அப்புறம் கான்கிரீட் மண்டபம், தரைக்கு டைல்ஸ், கார் நிறுத்த ஜல்லி. மரம் கூரையில் இலை போடுகிறது என்று கிளை வெட்டுவார்கள். பாம்பு வராமலிருக்கச் சுற்றி மருந்து தெளித்த ஒரு நாகர் காவை நாங்களே பார்த்தோம்.

ஆரல்வாய்மொழிப் பக்கம் காய்ந்த பாறையும் காற்றாலையும்தான். அங்கே பாதுகாக்க என்ன இருக்கிறது?

வறண்ட முட்காடு ஏழைக் காடு இல்லை. அதற்கென்று பறவை உண்டு, ஓணான் உண்டு, மூலிகை உண்டு. மருந்துவாழ் மலைக்கு அந்தப் பேர் சும்மா வரவில்லை. இங்கே பெரிய எதிரி தீ. மாசி முதல் சித்திரை வரை புல் காய்ந்து நிற்கும். கணவாய்க் காற்றோ உங்களுக்குத் தெரியும். அணைக்காத பீடி ஒன்று போதும். மழைக்குப் பிறகு நல்ல புல் முளைக்கும் என்று வேண்டுமென்றே கொளுத்துவதும் உண்டு. தீத்தடுப்புக் கோடு வெட்டும் வேலைக்கு வனத்துறை ஆள் எடுக்கும்போது ஊர் இளைஞர்கள் போக வேண்டும். எந்தச் சரிவில் காற்று எப்படித் திரும்பும் என்பது மாடு மேய்த்தவனுக்குத்தான் தெரியும்.

யானை வந்தால்?

விலகுங்கள். செல்போனை எடுக்காதீர்கள். மற்றதை வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

வீட்டுப் பக்கம் வராமலிருக்கக் காணிக்குடிகளில் செய்வது ஒன்று: சக்கை, அதாவது பலா, பழுக்குமுன்னே வெட்டி இறக்கிவிடுவார்கள். பழுத்த சக்கையின் வாசம் யானைக்கு அழைப்பிதழ். 2023 ஜூனில் அரிக்கொம்பன் என்ற யானையைத் தேனிப் பக்கம் பிடித்து மேல்கோதையாற்றுக் காட்டில் விட்டபோது இங்கே பெரிய எதிர்ப்பு எழுந்தது. பயம் நியாயமானது. ஆனால் கேரளத்துச் சின்னக்கானலில் அதன் நிலத்தில் நாம் போய் உட்கார்ந்த பிறகு, அதை ஊர் ஊராக மாற்றுவது பிரச்சினையை லாரியில் ஏற்றி அனுப்புவதுதான்.

பள்ளியில் ஏற்கெனவே சுற்றுச்சூழல் பாடம் இருக்கிறதே. இது எதற்கு?

1991-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு சுற்றுச்சூழல் பாடம் எல்லாப் பள்ளிக்கும் வந்தது; பசுமைப் படை, மன்றம் எல்லாம் உண்டு. பாடம் அமேசானில் ஆரம்பித்து ஓசோனில் முடிகிறது. பள்ளிச் சுவருக்கு அந்தப் பக்கம் நிற்பது என்ன மரம் என்று கேட்டால் பதில் இல்லை.

எங்களோடு நடக்கிற ஒரு பெண்பிள்ளை பரீட்சையில் "காட்டில் வாழும் விலங்குகள்" என்ற கேள்விக்கு மிளா என்று எழுதியது. சிவப்பு மையில் அடித்து "மான்" என்று திருத்தியிருந்தார்கள். மிளா நல்ல தமிழ்தான், அகராதியிலேயே இருக்கிறது. அன்றிலிருந்து பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு நோட்டு கொடுத்தோம். ஒரு பக்கத்தில் வீட்டில் சொல்லும் பேர், மறு பக்கத்தில் புத்தகத்துப் பேர். பாட்டியிடம் கேட்டு வந்த பேர்தான் எப்போதும் முந்துகிறது.

ஆசிரியர்களுக்கு ஒரே யோசனை: பள்ளிக்குப் பக்கத்தில் ஒரு மரத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். வருடம் முழுக்க அந்த ஒரு மரம். எப்போது தளிர்த்தது, எந்தப் பறவை வந்தது, பூ எந்தத் தேதியில். இரண்டாம் வருடம் பிள்ளைகளே பழைய நோட்டைப் புரட்டி, "போன வருஷம் இதுக்கு முன்னாடியே பூத்துதே" என்பார்கள். அடிவாரத்துக்குத் தூரமான பள்ளி என்றால் சுசீந்திரம், தேரூர், வேம்பனூர்க் குளங்கள் இருக்கின்றன. 2022 முதல் ராம்சர் என்ற சர்வதேச ஈரநிலப் பட்டியலில் உள்ளவை. பஸ் வசதியும் உண்டு.

பிள்ளைகளைக் காட்டுக்குள் கூட்டிப்போக அனுமதி வேண்டுமா?

சரணாலயத்துக்குள் கால் வைக்க அனுமதி கட்டாயம். நாகர்கோவிலில் மாவட்ட வன அலுவலகத்தில் முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். 2018 மார்ச்சில் குரங்கணித் தீக்குப் பிறகு மலையேற்ற விதிகள் இறுகியிருக்கின்றன, அது சரிதான். 2024 அக்டோபரில் அரசு தொடங்கிய மலையேற்றத் திட்டத்தில் காளிகேசம்–பாலமோர் பாதையும் மருந்துவாழ் மலையும் உண்டு, வழிகாட்டியோடு போகலாம். எங்கள் ஞாயிறு நடை பொதுப்பாதை, ஓடைக்கரை, காவு, தோட்டத்து வரம்பு ஆகியவற்றோடு நின்றுவிடும். பார்க்க அதுவே போதும்.

நன்கொடை தரலாமா?

பணம் வேண்டாம். பழைய பூதக்கண்ணாடி, கோடு போடாத நோட்டு, கிழியாத குடை. பிஸ்கட் பாக்கெட் கொண்டுவராதீர்கள். காளிகேசத்திலும் திற்பரப்பிலும் நாங்கள் சாக்கில் பொறுக்குவதெல்லாம் அதன் உறைதான். இலையில் கட்டிய அவித்த மரச்சீனியும் காந்தாரி மிளகாய்ச் சம்மந்தியும் (துவையல்) நாங்களே கொண்டுவருவோம்.

அட்டை கடிக்குமா?

கடிக்கும். மழைக்காலத்தில் நிச்சயமாக. வலிக்காது, ரத்தம் கொஞ்ச நேரம் நிற்காமல் வரும், அவ்வளவுதான். பிய்த்து இழுக்க வேண்டாம், நகத்தால் பக்கவாட்டில் தள்ளினால் விட்டுவிடும். உப்புப் பொட்டலம் எங்கள் தபால்காரர் பையில் இருக்கும். அவர் வெள்ளை வேட்டிதான் கட்டி வருவார், எத்தனை சொன்னாலும் கேட்கமாட்டார். அதனால் யாரை முதலில் கடித்தது என்பது எல்லோருக்கும் தெரிந்துவிடும்.